பூசுதல், அடைத்தல், ஊட்டுதல்: மரக்காப்புச் சொற்களின் வரலாறும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரத்தைக் காக்கும் தொழில் மிகப் பழைமையானது. தோணி, பாலம், வேலி, தந்திக்கம்பம், இருப்புப்பாதையின் ஸ்லீப்பர் கட்டை, வீட்டு முகப்பின் சாளரம் ஆகியன அனைத்தும் இத்தொழிலின் எல்லைக்குள் அடங்குவன. இத்தொழிலில் வழங்கும் சொற்கள் காட்டிலிருந்தும் கடலிலிருந்தும் வேதியியற் கூடத்திலிருந்தும் வந்து சேர்ந்தவை. பல மொழிகளைக் கடந்தவை. ஒவ்வொரு கடப்பிலும் அவை சில செய்திகளை இழந்தும் சிலவற்றைப் பெற்றும் வந்துள்ளன.

மரக்காப்புப் பற்றிய எந்தக் குறிப்பும் இரண்டு வினாக்களுக்கு விடை தரவேண்டும். காப்புப்பொருள் மரத்தின் எவ்விடத்தில் நிற்கிறது என்பது ஒன்று. அப்பொருள் யாது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு வினைச்சொல்லும் இரண்டாம் வினாவுக்குப் பெயர்ச்சொல்லும் விடை தருகின்றன. 'பூச்சு' என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் பெயர்க்கும்பொழுது இவ்விரு விடைகளும் மறைந்துவிடுகின்றன. இம்மறைவு நடையழகைப் பற்றியதன்று. மரத்தின் ஆயுளையும் அதனைக் கையாளும் மனிதரின் உடல்நலத்தையும் பற்றியது. இதனைச் சொற்களின் வரலாற்று வழியே விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காழும் வெளிறும்

வெளியில் நிற்கும் மரத்துக்கு மூன்று பகைகள் உள. கதிரவனின் புறஊதாக் கதிர்கள் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னினைச் சிதைக்கின்றன. அதனால் மரம் சாம்பல்நிறம் அடைகிறது. மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்திருக்குமானால் பூஞ்சைகள் வளர்ந்து மரம் உளுக்க வழியேற்படுகிறது. கறையானும் வண்டும் மரத்தையே உணவாகக் கொள்கின்றன. முதலாவது மேற்பரப்பில் நிகழ்வது. ஏனைய இரண்டும் உள்ளே நிகழ்வன. மேற்பரப்பைக் காக்கும் பொருள் உட்பகுதியைக் காக்கும் என்று கொள்ளுதற்கில்லை.

எல்லா மரங்களும் ஒரே விரைவில் கெடுவதில்லை. தேக்கின் நடுப்பகுதி நெடுங்காலம் நிற்க, அதே மரத்தின் வெளிப்பகுதி சில ஆண்டுகளில் உளுத்துப்போகிறது. இவ்வேறுபாட்டைத் தமிழ் நுட்பமாக உணர்ந்திருந்தது. உட்பகுதியின் வன்மையைக் காழ் என்றும் வைரம் என்றும், வன்மையற்ற பகுதியை வெளிறு என்றும் வழங்கியது. தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் புறக்காழ் உடையன, அகக்காழ் உடையன எனப் பகுத்து, முன்னவற்றைப் புல் என்றும் பின்னவற்றை மரம் என்றும் கூறுகிறது. மூங்கிலைப் புல்லினத்தில் வைக்கும் இன்றைய தாவரவியலோடு இப்பகுப்பு ஒத்துச் செல்வது குறிப்பிடத்தக்கது.

இப்பகுப்பு மரக்காப்புக்கும் பயன்படுவது. அகக்காழ் உடைய மரத்தில் காழ்ப்பகுதி தானே தன்னைக் காத்துக்கொள்ளும்; வெளிறு காப்புப்பொருளை எளிதில் ஏற்கும். புறக்காழ் உடைய மூங்கிலின் வழவழப்பான மேற்றோலோ எதனையும் உள்ளே விடாது. ஆதலின் மூங்கிலின் மேல் எத்தனை முறை பூசினும் பயன் சிறிதே. வெட்டுவாயின் வழியாகத்தான் காப்புப்பொருளைச் செலுத்தவேண்டும். 'மூங்கிலுக்கு மருந்து பூசுக' என்னும் மொழிபெயர்ப்பு இலக்கணப்படி பிழையற்றதாயினும் தொழிற்படி பிழையானது.

2. கீலும் தாரும்

பழைய மரக்காப்புப் பொருள்களுள் தலையாயது, மரத்தை மூடிய சூளையில் கரியாக்கும்பொழுது வடியும் கரிய நெய்ப்பொருள். இதற்குத் தமிழில் வழங்கிய சொல் கீல். பரவலாக வழங்கும் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் நோவாவின் பேழைக்குப் பூசப்படுவது கீலே. எபிரேய மூலத்தில் அப்பொருளின் பெயரும் பூசுதலைக் குறிக்கும் வினையும் 'க-ப-ர' என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. தமிழில் அச்சொல்லொப்புமை மறைந்தது. ஆயினும் செயல் பிசகவில்லை. உள்ளும் புறமும் ஒரு படலத்தால் மூடுவதைப் 'பூசுதல்' என்னும் வினை சரியாகவே உணர்த்துகிறது.

யாத்திராகமத்தில் குழந்தை மோசேயை வைத்த நாணற்பெட்டிக்கு எபிரேய மூலம் இரண்டு பொருள்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று நிலத்திலிருந்து கிடைக்கும் கரும்பொருள். தமிழ் மொழிபெயர்ப்பு அவ்விரண்டையும் பிசின் என்றும் கீல் என்றும் தந்துள்ளது. இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. தமிழில் பிசின் என்பது மரத்தினின்று வடிவன பலவற்றுக்கும் பொதுப்பெயர். கருவேலம் பிசின் நீரில் கரைவது. குங்கிலியம் நீரில் கரையாதது. கரையும் பிசினைப் பூசிய பெட்டி ஆற்றில் மிதந்திராது. பழைய வாசகர் சூழலைக்கொண்டு பொருள் உணர்ந்தனர். இன்றைய தொழில்நுட்ப மொழிபெயர்ப்பில் அவ்வாறு வாசகரிடம் விட்டுவிட இயலாது. நீரில் கரைவது, கரையாதது என்னும் வேறுபாட்டைச் சொல்லே காட்டவேண்டும்.

கீல் என்னும் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. கதவின் இணைப்பும் உடலின் மூட்டும் கீல் எனப்படும். கீல்வாதம் என்னும் நோய்ப்பெயர் இதனால் அமைந்தது. இவ்வொப்புருவாலும் ஆங்கில ஆட்சிக்காலத் தொழிற்கூடங்களின் செல்வாக்காலும் கரிய நெய்ப்பொருளைக் குறிக்கும் இடத்தில் தார் என்னும் சொல் நிலைபெற்றது. தார் ஆங்கிலத்தின் வழி வந்தது. செருமானியக் கிளைமொழிகளில் இச்சொல் மரத்தைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து தோன்றியது; ஆங்கிலத்தில் மரத்தைக் குறிக்கும் 'ட்ரீ' என்பதும் அதன் உறவுச்சொல்லே. அதே வேரின் வடமொழி வடிவம் தாரு. தேவதாரு என்னும் மரப்பெயரில் அதனைக் காணலாம். ஆகவே, தேவதாருக் கட்டைக்குத் தார் பூசப்பட்டது என்று தமிழில் எழுதும்பொழுது ஒரே வேரின் இரண்டு கிளைகள், ஒன்று வடமொழி வழியாகவும் மற்றொன்று ஆங்கிலத்தின் வழியாகவும் வந்து, ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. வாழைத்தாரும் மாலையாகிய தாரும் இவற்றோடு தொடர்பற்ற தமிழ்ச்சொற்கள்.

நார்வே நாட்டில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த போர்குண்ட் மரக்கோயில் இன்றும் நிற்பதற்கு மீண்டும் மீண்டும் பூசப்பட்ட பைன்மரத் தாரும் ஒரு காரணம். 17ஆம் நூற்றாண்டில் சுவீடன் இத்தாரின் வணிகத்தில் முதன்மை பெற்றது. 1648இல் அதன் ஏற்றுமதிக்குத் தனியுரிமைக் குழுமம் ஒன்று அமைக்கப்பட்டது. 'ஸ்டாக்ஹோம் தார்' என்னும் வணிகப்பெயர் இப்பின்னணியில் தோன்றியதே. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரியிலிருந்து விளக்கு வாயு எடுக்கும் ஆலைகளில் வேறொரு கரிய நெய்ப்பொருள் மிகுதியாகக் கிடைத்தது. அதற்கும் தார் என்னும் பெயரே இடப்பட்டது. மரத்தின் பெயரால் அமைந்த சொல் நிலக்கரியின் பொருளையும் குறிக்கலாயிற்று. இவ்விரண்டும் வேதியியல் அமைப்பில் வேறானவை. எனவே தார் என்று மட்டும் எழுதுவது போதாது. மரத்தார், நிலக்கரித்தார் எனப் பிரித்து எழுதுதல் வேண்டும்.

3. கலப்பத்தும் குங்கிலியமும்

மரக்கலத்தின் பலகைகளுக்கு இடையேயுள்ள இடுக்கில் பஞ்சையோ நாரையோ திணித்து, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த குழம்பை இட்டு நீர்க்கசிவைத் தடுப்பர். இவ்வேலையைக் கலப்பத்து என்பர். இது போர்ச்சுகீசியக் 'கலஃபாத்தே' என்னும் சொல்லின் தமிழ் வடிவம். கலம், பற்று என்னும் இரண்டு தமிழ்ச்சொற்கள் சேர்ந்ததுபோன்ற தோற்றம் இதற்கு உண்டு. அயற்சொல் தாய்மொழிச் சொற்களின் உருவில் அமைந்துகொள்வதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

குங்கிலியம் பல மரங்களிலிருந்து கிடைப்பது. சால மரமும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக்குங்கிலிய மரமும் கருங்குங்கிலிய மரமும் அவற்றுள் சில. ஆங்கிலத்தில் இதனை 'டம்மர்' என்பர். அது மலாய்மொழியின் 'டாமார்' என்னும் சொல்லிலிருந்து சென்றது. துறைமுகத் தொழிலில் மலாய், போர்ச்சுகீசியம், தமிழ் ஆகிய மொழிகள் கலந்து வழங்கியமைக்கு இச்சொற்கள் சான்றாகின்றன.

இங்கு வினைச்சொல்லின் வேறுபாடு கருதற்குரியது. கீல் பூசப்படுவது, கலப்பத்து அடைக்கப்படுவது. முன்னது பரப்பை மூடுகிறது. பின்னது இடுக்கை நிரப்புகிறது. இன்றைய கட்டடத்தொழிலில் 'சீலர்', 'சீலன்ட்' என ஒலியளவில் நெருங்கிய இரண்டு சொற்கள் வழங்குகின்றன. சீலர் என்பது மரப்பரப்பில் நீர் ஏறாமல் தடுக்கப் பூசும் நீர்மம். சீலன்ட் என்பது சட்டத்துக்கும் சுவருக்கும் இடையேயுள்ள சந்தை நிரப்பும் பசைப்பொருள். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், பலகைமேல் பூசவேண்டியதைச் சந்தில் திணிக்கவும் சந்தில் திணிக்கவேண்டியதைப் பலகைமேல் இழுக்கவும் நேரும். தோணித்துறையின் வழக்கு இவ்வேறுபாட்டை ஏற்கெனவே காத்து வைத்திருந்தது. முன்னதைப் 'பரப்புக்காப்பு' என்றும் பின்னதைச் 'சந்தடைப்பு' என்றும் வழங்கினால் குழப்பம் நீங்கும்.

4. ஊட்டும் முறைகளும் அவற்றின் பெயர்களும்

19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை பெருகியபொழுது மரக்காப்பின் தன்மை மாறியது. மண்ணில் புதைந்து கிடக்கும் கட்டையைப் பூச்சு காக்காது. எனவே காப்புப்பொருளை மரத்தின் உள்ளே செலுத்தும் முறைகள் தோன்றின. 1832இல் ஜான் ஹோவர்டு கயான் மரத்தைப் பாதரசக் குளோரைடுக் கரைசலில் ஊறவைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1838இல் வில்லியம் பர்னெட் துத்தநாகக் குளோரைடைக் கொண்டு ஒரு முறையை அமைத்தார். அதே காலத்தில் பிரான்சு நாட்டு மருத்துவர் பூஷெரி, புதிதாக வெட்டிய மரத்தின் சாற்றை வெளியேற்றி அவ்விடத்தில் துருசுக் கரைசலைச் செலுத்தினார். இந்தியாவில் பச்சை மூங்கிலுக்கு இன்றும் கையாளப்படுவது இம்முறையின் திருந்திய வடிவமாகும்.

ஆங்கிலம் இம்மூவரின் பெயர்களையும் வினைச்சொற்களாக்கியது. 'கயனைஸ்', 'பர்னெட்டைஸ்', 'பூஷெரைஸ்' என்பன அவை. ஆட்பெயர் வினையாகும்பொழுது சொல் சுருங்குகிறது. ஆயின் பொருள் மறைகிறது. கயனைஸ் செய்த கட்டை என்று கேட்பவர்க்கு அதில் பாதரச நஞ்சு உள்ளது என்பது தோன்றாது. தமிழில் அவ்வேதிப்பொருளுக்கு வீரம், சவ்வீரம் என்னும் பெயர்கள் சித்தமருத்துவ வழக்கில் உண்டு. அது பாஷாண வரிசையில் வைத்து எண்ணப்பட்டது. பூஷெரி என்னும் பெயரைப் 'பூச்சேரி' என எழுதினால் பூச்சு என்னும் சொல்லோடு உறவுடையதுபோல மயங்கவும் இடமுண்டு. அம்முறையோ பூச்சுக்கு நேர் மாறானது.

1838இல் ஜான் பெத்தெல் உரிமம் பெற்ற முறையே பின்னர் நிலைத்தது. மூடிய இரும்புக்கலத்தில் மரத்தை இட்டு, முதலில் காற்றை வெளியேற்றி, பின்னர் நிலக்கரித்தார் எண்ணெயை அழுத்தத்தால் உட்செலுத்துவது அம்முறை. அவ்வெண்ணெய் கிரியோசோட் என வழங்கலாயிற்று. இப்பெயரின் வரலாறு விந்தையானது. 1832இல் கார்ல் ரைகன்பாக் என்னும் செருமானிய வேதியியலார் பீச் மரத்தாரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, இறைச்சி கெடாமல் காப்பது என்னும் கருத்தில், கிரேக்கச் சொற்களால் இப்பெயரை அமைத்தார். பெயர் பின்னர் நிலக்கரித்தார் எண்ணெய்க்குத் தாவியது. மரத்தாரின் பெயர் நிலக்கரிப் பொருளுக்கும், இறைச்சிக்காப்பின் பெயர் மரக்காப்புக்கும் சென்றன. சொற்பிறப்பைக்கொண்டு பொருளை மொழிபெயர்க்க முயல்வோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை. இன்று கிரியோசோட் மனிதரில் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்னும் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் வைக்கப்பட்டுள்ளது. காக்கும் பொருள் என்னும் பெயரே அதன் தீங்கை மறைத்து நிற்கிறது.

5. ஆஸ்கு: பெயருக்குள் இருந்த நஞ்சு

1906இல் தேராதூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்திய மரங்களின் காப்பு முறைகள் ஆராயப்பட்டன. அங்குப் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933இல் ஒரு புதிய கலவையைக் கண்டறிந்தார். ஆர்செனிக், செம்பு, குரோமியம் ஆகிய மூன்றின் சேர்மங்கள் நீரில் கரைந்த நிலையில் மரத்துள் சென்று, அங்கு ஒன்றோடொன்று வினைபுரிந்து, கரையாத பொருள்களாக மாறித் தங்குவது அதன் சிறப்பு. செம்பு பூஞ்சைகளைத் தடுக்கிறது. ஆர்செனிக் பூச்சிகளையும் செம்பைத் தாங்கும் பூஞ்சைகளையும் கொல்கிறது. குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைக்கிறது. இந்தியத் தரநெறி ஐ.எஸ். 401இல் ஆர்செனிக் பென்டாக்சைடு 1 பங்கு, துருசு 3 பங்கு, சோடியம் அல்லது பொட்டாசியம் டைகுரோமேட் 4 பங்கு என இக்கலவை குறிக்கப்படுகிறது. 1938இல் காமேசத்துக்கு அமெரிக்க உரிமமும் கிடைத்தது. இந்தியாவில் தோன்றிய இக்கலவை உலகெங்கும் தந்திக்கம்பங்களுக்கும் வேலிகளுக்கும் பின்னர் வீட்டுத் தாழ்வாரங்களுக்கும் பயன்பட்டது.

இதற்கு இடப்பட்ட பெயர் ஆஸ்கு. வேதியியலில் ஆர்செனிக்கின் குறியீட்டையும் செம்பின் குறியீட்டையும் சேர்த்தால் வருவதே இப்பெயர். ஆட்பெயரால் அமைந்த முன்னைய பெயர்களைப் போலன்றி இது தன்னுள் இருப்பதைத் தானே சொல்லும் பெயர். எனினும் அது குறியீடு அறிந்தார்க்கு மட்டுமே பேசியது. உரோமன் எழுத்தில் தெரியும் குறியீடு தமிழ் எழுத்தில் ஆஸ்கு என வந்ததும் பொருளற்ற ஓசையாயிற்று. எழுத்துப்பெயர்ப்பு ஒலியைக் கொண்டுவந்தது; எச்சரிக்கையை விட்டுவிட்டது.

பிற நாடுகளில் பெயர் மேலும் நகர்ந்தது. அமெரிக்காவில் 'கிரீன்சால்ட்', அதாவது பச்சை உப்பு, என்னும் வணிகப்பெயர் வழங்கியது. தனிமத்தின் இடத்தை நிறம் பிடித்தது. பின்னர் 'அழுத்தமுறையில் பதப்படுத்திய மரம்' என்னும் பொதுத்தொடர் பரவியது. அது முறையைச் சொல்கிறது, பொருளைச் சொல்லவில்லை. இம்மரத்துண்டுகளை அடுப்பில் எரித்தால் ஆர்செனிக் புகையோடும் சாம்பலோடும் கலக்கும். மரம் என்னும் சொல்லுக்கு விறகு என்னும் நினைவு நீங்காத நாட்டில் இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் முடிவோடு பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளுக்கு இக்கலவையை ஊட்டுவது தொழிலாரின் இசைவோடு நிறுத்தப்பட்டது. ஆயினும் அதற்கு முன்னர் ஊட்டப்பட்ட மரங்கள் வேலிகளாகவும் கம்பங்களாகவும் எஞ்சியுள்ளன. கழிக்கப்படும்பொழுது அவை பலர் கைக்குச் செல்லும்.

தமிழில் ஆர்செனிக்கின் வெண்ணிற ஆக்சைடுக்கு வெள்ளைப் பாஷாணம் என்னும் பெயர் உண்டு. பாஷாணம் என்றவுடன் நஞ்சு என்பது எழுத்தறிவு குறைந்தார்க்கும் விளங்கும். ஆயினும் பாஷாணம் என்னும் தொகுதிப்பெயர் பல பொருள்களை அடக்குவதால் அறிவியல் வரையறைக்குப் போதாது. 'ஆர்செனிக் என்னும் பாஷாணம் ஊட்டிய மரம்' என இரண்டையும் சேர்த்து எழுதுவதே பொருத்தம். முன்னது வரையறையைத் தருகிறது. பின்னது எச்சரிக்கையைத் தருகிறது.

6. கறையா, சாயமா?

வெளிமரத்துக்கு இன்று பெரிதும் பயன்படும் 'ஸ்டெயின்' என்னும் பொருளின் பெயர் மொழிபெயர்ப்பாளருக்குத் தனிச்சிக்கல் தருவது. அகராதி முதலில் தரும் பொருள் கறை. மரத்தின்மேல் கறை பூசுக என்னும் தொடர் நகைப்புக்கிடமாகும். ஆங்கிலச் சொல்லின் வரலாறே இம்முரணுக்குக் காரணம். வண்ணம் போக்குதல் என்னும் பொருளுடைய பழம்பிரெஞ்சுச் சொல்லும், வண்ணந்தீட்டுதல் என்னும் பொருளுடைய பழநோர்சுச் சொல்லும் அதில் ஒன்றாகக் கலந்துள்ளன. ஆகவே அழித்தலும் அழகூட்டலும் ஒரே சொல்லில் அடங்கின.

தொழில்முறையில் ஸ்டெயின், பெயின்ட், வார்னிஷ் ஆகியவற்றுக்கிடையே தெளிவான வேறுபாடு உண்டு. பெயின்டும் வார்னிஷும் மரத்தின்மேல் படலமாக நிற்பன. மரம் ஈரத்தால் விரிந்தும் வெயிலால் சுருங்கியும் அசையும்பொழுது படலம் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் படலத்தின் அடியில் தங்கி மரத்தை உளுக்கச் செய்யும். மெல்லிய ஸ்டெயின் மரத்தின் நுண்துளைகளில் ஊறி நிற்பது. படலமாவது மிகக் குறைவு. எனவே அது உரிவதில்லை; தேய்ந்து மங்கும். மீண்டும் இடும்பொழுது சுரண்டவேண்டிய தேவையும் குறைவு. அதிலுள்ள நிறமிகள் புறஊதாக் கதிரைத் தடுக்கின்றன. நிறமற்ற நீர்விலக்கிக்கு அத்திறன் குறைவு.

இப்பொருளுக்குச் சாயம் என்பதே தக்க சொல். துணிக்குச் சாயம் ஏற்றுவர். சுவருக்கு வண்ணம் பூசுவர். நூலினுள் ஊறுவது சாயம், மேலே நிற்பது வண்ணம் என்னும் வேறுபாடு தமிழ்ப் பேச்சுவழக்கிலேயே உள்ளது. அதனை மரத்துக்கும் நீட்டி, 'மரச்சாயம் ஏற்றுதல்' எனலாம். எனினும் சாயம் ஏற்றுதல் நஞ்சூட்டுதலுக்கு ஈடாகாது என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். காப்பு மருந்து கலவாத மரச்சாயம் கறையானைத் தடுக்காது. வேலிக்கம்பத்தின் மேற்பகுதிக்குச் சாயம் போதுமாயினும் மண்ணில் புதையும் அடிப்பகுதிக்குப் போதாது.

7. முடிவுரை

கீல் பூசியதும் கலப்பத்து அடைத்ததும் சாயம் ஏற்றியதும் தமிழுக்குப் புதியன அல்ல. புதிதாக வந்தது, அழுத்தத்தால் உட்செலுத்தும் முறை ஒன்றே. அதற்கும் ஊட்டுதல் என்னும் வினை ஆயத்தமாக உள்ளது. செம்பஞ்சு ஊட்டுதல், உரமூட்டுதல் என்னும் வழக்குகளில் உள்ளே செல்லச் செய்தல் என்னும் கருத்து அமைந்திருத்தல் காண்க. ஆகவே பரப்பில் நிற்பதற்குப் பூசுதல், சந்தில் நிற்பதற்கு அடைத்தல், நுண்துளையில் ஊறுவதற்கு ஏற்றுதல், உட்பகுதிவரை செல்வதற்கு ஊட்டுதல் என நான்கு வினைகளையும் வரையறுத்துக்கொண்டால், காப்புப்பொருள் எங்கே நிற்கிறது என்னும் வினாவுக்கு வினைச்சொல்லே விடை தந்துவிடும்.

பொருள் யாது என்னும் வினாவுக்குப் பெயர் விடை தரவேண்டும். கயான், பூஷெரி, கிரியோசோட், ஆஸ்கு, பச்சை உப்பு என்னும் பெயர்களின் வரலாறு, ஆட்பெயரும் வணிகப்பெயரும் நிறப்பெயரும் பொருளை மறைத்துச் செல்வதைக் காட்டுகிறது. அவற்றை ஒலிபெயர்த்து நிறுத்திவிடும் மொழிபெயர்ப்பு அம்மறைவைத் தமிழிலும் தொடரச் செய்கிறது. பெயரை அடுத்து உள்ளடங்கிய வேதிப்பொருளையும், அது நஞ்சாயின் நஞ்சு என்பதையும் எழுதிவிடுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும். எரிக்கலாகாத கட்டை எது என்பதை அதனை வெட்டிச் சுமப்பவர் தம் மொழியில் படித்தறிய வேறு வழியில்லை.